மாமியார் நிற்கும் மூலை

காலை ஒன்பது மணிக்கு எட்டு ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, “காலியா கிடக்கிற தேன்கூட்டு மேல எவனாவது வண்டிய ஏத்தினா, அவனையும் உள்ள போட்டு ஜல்லியால மூடிடுவேன், ஜாக்கிரதை” என்று முழங்கியவன் நான். மதியம் ஒன்றேகாலுக்கு ஏற்றியவனும் நான்தான்.

லோடர் ஓட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஆட்களும் போயிருந்தார்கள். வலதுபக்கப் பின்மூலை மட்டும் நிரப்பாமல் கிடந்தது. நாலு வாளி ஜல்லி போட்டால் முடிந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. லோடர் ஓட்டத் தெரியும் என்பது என் கட்சி. தெரியாது என்பது லோடரின் கட்சி. நிரப்பிய பகுதியின் விளிம்பில் நிற்க வேண்டிய வண்டி, விளிம்பைத் தாண்டி ஒரு முழம் போனது. முன்சக்கரம் சடாரென்று இறங்கியது. குண்டான ஆள் உட்காரும்போது சட்டைப் பொத்தான் தெறிக்குமே, அந்த மாதிரி பட், பட், பட் என்று சத்தம். ஒன்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

தேன்கூடு என்று நாங்கள் சொல்வது ஜியோசெல். பிளாஸ்டிக் பட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டி, மடித்துக் கட்டாக அனுப்புவார்கள். நாலு பேர் நாலு முனையைப் பிடித்து இழுத்தால் அறை அறையாக விரியும். அதற்குள் ஜல்லியைக் கொட்டி இடித்து இறுக்கி, அதன் மேல் அஸ்திவாரம் போட வேண்டும். மனை இருக்கும் இடம் முன்பு சதுப்பு. மேலே இரண்டடி மண்ணைக் கொட்டி மனை என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கம்பியை ஊன்றினால் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகும். வெறும் ஜல்லியை அதன் மேல் கொட்டினால், பாரம் வந்ததும் கல்லெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நழுவிக் களிமண்ணுக்குள் போய்விடும். தேன்கூட்டுக்குள் போட்டால் நழுவ முடியாது. நெரிசலான பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நிற்கிறவன் விழமாட்டான் இல்லையா? விழ இடமில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறவனெல்லாம் சேர்ந்து அவனைத் தாங்குகிறான்.

ஆனால் ஒட்டுப் பிரிந்த அறை அந்த மாதிரி பஸ் இல்லை. கதவில்லாத பஸ்.

இறங்கிப் பார்த்தேன். இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு அறைகள் நசுங்கி, ஒட்டெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. அடியில் விரித்திருந்த கெட்டித் துணியும் கிழிந்து, களிமண் மேலே எட்டிப் பார்த்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனையோரம் இருந்த சாமான் கொட்டகையில் மிச்சமாக ஒரு கட்டு தேன்கூடு இருந்தது. துணியும் இருந்தது. கெட்டுப்போனதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக விரிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது. ‘நான்தான் ஏத்திட்டேன்’ என்று சொல்ல ஒரு வாய்தான் இல்லை. நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகிற வாய், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டது.

நசுங்கிய சுவர்களைக் கையால் நிமிர்த்தினேன். பிரிந்த ஒட்டுகளைக் கட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். மொத்தம் பதினாலு இடம். ஜல்லியைத் தள்ளி, இடிக்கிற மெஷினை நானே பிடித்து ஓட்டினேன். இருபத்தைந்து நிமிடத்தில் மற்ற இடத்துக்கும் இந்த மூலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்கு.

இன்ஜினியர் வந்தபோது சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் அண்ணன். என் வயதில் பாதிதான் இருக்கும். வரைபடத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆண்கள் மாதிரி பெரிய பூட்ஸ் போட்டு நடப்பார்.

“என்னண்ணே, அதுக்குள்ள மூடிட்டீங்க?”

“வேலைன்னு வந்துட்டா நான் புயல் மேடம்.”

“புயல்னா சேதாரம் இருக்குமே?” என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்துவிட்டதே அவர்தான். நான் நுழையவில்லை. கூடச் சேர்ந்து சிரித்தேன்.

*

அந்தக் கட்டிடம் என் அக்காவுடையது. சலவை நிலையம். இரண்டு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் நாலு ஓட்டல்களின் மேஜைத் துணிகளும் அவளிடம்தான் வெளுக்கப் போகும். ஐந்து மெஷின் இருந்தாலும் ராணி ஒன்றுதான். மூன்று பீரோவைச் சேர்த்து வைத்த அகலம். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது அக்கா. “சும்மா இருக்கும்போது ஒரு சத்தமும் வராது. சுத்த ஆரம்பிச்சா வீடே ஆடும்” என்பாள். அந்த மாமியார் புதுக் கட்டிடத்தில் நிற்கப்போகும் இடம்தான் வலதுபக்கப் பின்மூலை.

நாலு வருஷத்துக்கு முன்னால், வாடகைக் கொட்டகையில், மாமியார் நின்ற தரை ஒரு பக்கமாக இறங்கியது. அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். கட்டிட வேலை பார்க்கிற தம்பி இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவாள்? நான் ஒரு கல்பலகையைக் காலுக்கு அடியில் சொருகினேன். “இனிமே அசையாது அக்கா. அசைஞ்சா என் பேர மாத்திக்கிறேன்” என்றேன். பதினோராம் நாள், முழு வேகத்தில் சுற்றும்போது, மெஷின் கல்லை விட்டுக் குதித்து அவள் இடது காலில் இறங்கியது. இரண்டு விரல் போயிற்று. என் பேர் மாறவில்லை.

லோடரை ஏற்றிய அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்குப் போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன். அக்கா ஈர விரிப்புகளை வாரி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் ஓடிக்கொண்டிருந்தாள், தரை உள்ளங்காலில் கிசுகிசுத்தது.

“வாடா. மூஞ்சி ஏன் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?”

“உன் தொழில்ல சொல்லு, மூஞ்சிக்கு என்ன சோப்பு போடலாம்?”

“உனக்கெல்லாம் ப்ளீச்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் இப்படித்தான். அடிபட்டால் சிரிப்பு, ஆஸ்பத்திரியில் சிரிப்பு, சாவு வீட்டில் கொஞ்சம் சத்தம் குறைத்துச் சிரிப்பு. நான் ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தேன். அவள் எதிரே இரண்டு முனையைப் பிடித்தாள். உதறி மடித்தோம்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“வேண்டாம்னா விட்டுடவா போற?”

“உன் கால் போனதுக்கு… நான் வச்ச கல்லுதானே காரணம்?”

இது நான் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கிற கேள்வி. அவள் பதிலும் மாறாது.

“நீ எங்கடா காரணம்? மாமியார் மிதிச்சா. எந்த வீட்டுல நடக்காதது?”

நானும் வழக்கம்போலச் சிரித்தேன். அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் பின்தங்கி, அப்புறம் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. “நாளைக்கு டெஸ்ட்டுன்னு சொன்னியே, நானும் பாக்க வர்றேன்” என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

*

மறுநாள் காலை மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து அளவு பார்க்கிறவர் வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி. எது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“டீ சொல்லட்டுமா சார்?”

“பாக்கலாம்.”

“மழை வருமா சார்?”

வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. “பாக்கலாம்.”

அரை மணி நேரத்தில் அவருக்குப் பாக்கலாம் சார் என்று பேர் வைத்துவிட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வயிற்றுக்கு இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் வண்டி வருகிறது. டெஸ்ட்டில் தேறிவிட்டால் அந்த மூலையின் மேல் ஒன்றரை அடி கான்கிரீட் படுத்துவிடும். அப்புறம் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்: நான், மாமியார்.

டெஸ்ட் என்பது இதுதான். தரையில் வட்டமான இரும்புத் தகடு. அதன் மேல் ஜாக்கி. ஜாக்கிக்கு மேல், ஜல்லி நிரப்பிய லோடரின் வயிறு. ஜாக்கியை அடிக்க அடிக்க, தூக்க முடியாத லோடர் அசையாமல் நிற்கும். தகடு தரைக்குள் அழுந்தும். எவ்வளவு அழுந்துகிறது என்று காட்ட, சுற்றிலும் கடிகாரம் மாதிரி மூன்று டயல். ஆறு மில்லிமீட்டருக்குள் நின்றால் பாஸ்.

முதல் இடம் நடு மையம். முள் மெதுவாக நகர்ந்து மூன்றில் நின்றது. இரண்டாவது இடம் முன்பக்க இடது மூலை. மூன்றரை. இன்ஜினியர் முகத்தில் வெளிச்சம். காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

“அவ்வளவுதான் சார், கழட்டிடலாம்” என்றார்.

பாக்கலாம் சார் குனிந்து டயலைக் கழற்ற ஆரம்பித்தார். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன்.

“மேடம், பின்மூலையில ஒரு டெஸ்ட் போட்டுடலாமே.”

“ரெண்டு இடம் போதும்னு சொன்னதே நீங்கதானே? ‘மூணாவது எதுக்கு மேடம், மண்ணு கூச்சப்படும்’னீங்க.”

“சொன்னேன். ஆனா நேத்து மதியம் அந்த மூலையில, காலியா இருக்கும்போது, நான் லோடர ஏத்திட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

“போன மாசம் சிமெண்ட் மூட்டைக்குள்ள கோழி முட்டை வச்சிருக்குன்னீங்க. நாலு மூட்டையப் பிரிச்சேன். அதுக்கு முன்னாடி, கலவை மெஷின்ல பூனை குட்டி போட்டிருக்குன்னு என்னை ஏணி ஏற வச்சீங்க. போதும்ணே.”

“இது நெஜம் மேடம்.”

“பூனையும் நெஜம்னுதான் சொன்னீங்க.”

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். லோடர்காரர்தான் அதிகம் சிரித்தார்; வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த களிமண்ணை அவர் இன்னும் கவனிக்கவில்லை. நான் இருபது வருஷமாக ஊதி ஊதி வளர்த்த பேர் எதிரே வந்து நின்று, என்னை உள்ளே விடமாட்டேன் என்றது. ஒரு நிமிஷம், கேவலமாக ஒரு நிம்மதியும் வந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று. நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அப்போதுதான் அக்காவின் சலவை வேன் வந்து நின்றது.

இறங்கினாள். செருப்பை விளிம்பிலேயே கழற்றிவிட்டு, இறுகிய ஜல்லி மேல் நடந்து வந்தாள். “அட, ரோடு மாதிரி இருக்கே” என்றாள். இன்ஜினியர் வரைபடத்தை விரித்து வாசல் எங்கே, இஸ்திரி மேஜை எங்கே என்று காட்டினார். அவர் காட்டிய திசையெல்லாம் அக்கா பார்த்துவிட்டு, நேராகப் பின்மூலைக்குப் போய் நின்றாள்.

“மாமியார் இங்கதானே?”

“அங்கதான்க்கா” என்றார் இன்ஜினியர்.

அக்கா இரண்டு காலையும் அகட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். மூன்று விரல் இருந்த கால் ஜல்லிப்பொடி மேல் வெள்ளையாகத் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“டேய் பெரிய மனுஷா! தினம் பத்து மணி நேரம் அவ பக்கத்துல நிக்கப் போறவ நான். கண்ண மூடிட்டு நிக்கலாமா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கும் நாக்கு நுனியில் மூன்று பதில் தயாராக இருந்தது. மூன்றுமே நல்ல பதில். எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

“இல்லக்கா” என்றேன். “அங்க நிக்காத. இந்தப் பக்கம் வா.”

யாரும் சிரிக்கவில்லை. ஜோக் அடித்துவிட்டு, சிரிப்பு வருமா என்று காத்திருக்கிற ஒரு முகம் எனக்கு உண்டு. அந்த முகம் இப்போது இல்லை போலிருக்கிறது. அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். இன்ஜினியர் வரைபடத்தை மடித்தார்.

“அண்ணே… நேத்து நடந்தது நெஜமாவா?”

“கட்டுக் கம்பி போட்டு முறுக்கியிருக்கேன் மேடம். பதினாலு இடம். அடித்துணியும் கிழிஞ்சிருக்கு.”

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. பாக்கலாம் சாரைப் பார்த்து, “தகட அங்க கொண்டு போங்க” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

*

லோடரைப் பின்மூலைக்கு நகர்த்தி நிறுத்த முக்கால் மணி ஆனது. காற்று குளிர்ந்துவிட்டது. அக்கா வேனுக்குத் திரும்பவில்லை. ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து டயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

ஜாக்கி முதல் சுற்று. முள் ஒன்று. நின்றது.

இரண்டாவது சுற்று. இரண்டு. நின்றது.

நின்றுவிடேன், நின்றுவிடேன் என்று முள்ளிடம் கெஞ்சினேன். நான் வெறும் முட்டாள் என்று மட்டும் தீர்ப்பாகிவிட்டால் போதும், அதற்குத்தான் பழகியிருக்கிறேன்.

மூன்றாவது சுற்று. மூன்று, நாலு. தயங்கித் தயங்கி, நாலரையில் நின்றது. இன்ஜினியர் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். முள் அசையவில்லை. “கடைசி லோடு” என்றார். மாமியார் முழு வேகத்தில் சுற்றும்போது வருகிற பாரம் அது.

ஜாக்கியின் கைப்பிடி இறங்கியது. ஐந்து. ஆறு. கைப்பிடி நின்றது. முள் நிற்கவில்லை. ஏழு. யாரும் அடிக்காமலே எட்டு. பக்கத்து ஜல்லியில் சின்னதாக ஒரு கீறல் விழுந்து, என் காலை நோக்கி நீண்டது. ஒன்பது. அடியில் எங்கேயோ, எனக்கு மட்டும் அடையாளம் தெரிகிற சத்தம்: பட்.

“என் முடிச்சு ஒண்ணு போச்சு” என்றேன்.

பதினொன்று. பன்னிரண்டு.

“நிறுத்துங்க” என்றார் இன்ஜினியர்.

ஜாக்கியை விட்டார்கள். முள் கொஞ்சம் திரும்பி, பத்தில் உட்கார்ந்தது. நான் பாக்கலாம் சார் பக்கம் திரும்பினேன். யாராவது வாயால் சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“சார், இது நிக்குமா நிக்காதா? நீங்க என்ன சொல்றீங்க?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ரிப்போர்ட் வரட்டும். பாக்கலாம்.”

இன்ஜினியர் அதற்குள் ஃபோனில் கான்கிரீட் வண்டியை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டார். “அந்த மூலை முழுக்கத் தோண்டி எடுக்கணும். மழைக்குள்ள புதுசு விரிச்சு நிரப்பியாகணும். குழியில தண்ணி நின்னா களிமண்ணு கஞ்சியாயிடும், அப்புறம் வாரக் கணக்காயிடும்” என்றார். ஆட்களிடம்தான் சொன்னார். கடைசியாக என்னைப் பார்த்து, “அண்ணே, மண்வெட்டி” என்றார்.

தோண்டினோம். இரண்டு மணி நேரம். ஜல்லியைக் கையாலும் வாரினோம். மெஷினை விட்டால் பக்கத்து அறைகளும் கெடும். அக்காவும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழியில் இறங்கிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கட்டத்தில் அவள் கையில் என் கட்டுக் கம்பி முடிச்சு ஒன்று வந்தது. அறுந்த பிளாஸ்டிக் சுவரைக் கிழித்துக்கொண்டு தொங்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜோக் வரும் என்று காத்திருந்தேன். குழிக்கு வெளியே வீசிவிட்டு மறுபடி குனிந்தாள்.

கெட்ட பகுதியை வெட்டி எடுத்தோம். கிழிந்த துணிக்கு மேல் புதுத் துணியை அகலமாக விரித்தோம். சாமான் கொட்டகையிலிருந்து அந்த மிச்சக் கட்டைத் தூக்கி வந்தார்கள். நேற்றே அங்கே சும்மா படுத்துக் கிடந்த கட்டு. இன்ஜினியரும் லோடர்காரரும் ஒரு பக்கத்து முனைகளைக் கம்பி அடித்து நிறுத்தினார்கள். மறுபக்கம் இரண்டு முனை. ஒன்றை அக்கா எடுத்தாள். இன்னொன்று என் காலடியில் கிடந்தது. மேற்கே இடி உருண்டது.

நான் குனியவில்லை.

“அக்கா.”

“ம்.”

“உன் காலு. அன்னைக்கு நான் வச்ச கல்லாலதானே?” அவள் வாயைத் திறப்பதற்குள், “மாமியார்னு சொல்லாதக்கா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஜல்லிப்பொடி அப்பியிருந்தது. வழக்கமாக உதட்டோரத்தில் ஏறி உட்கார்கிற அந்தச் சிரிப்பு இன்று வரவில்லை. வருமோ என்று நானும் தேடவில்லை.

“ஆமாடா” என்றாள். “நீ வச்ச கல்லாலதான். அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே கேட்ட, நானும் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன். இப்ப அந்த முனையப் பிடி. இழு.”